ஐந்தரை மணி நேரம் பிந்தி வந்த குரல்

குவைத்தில் ஐவி எதைச் சொன்னாலும் அது சரியாக ஐந்தரை மணி நேரம் கழித்துப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய லயக் காம்பராவுக்குள் கேட்டது. குவைத்துக்கும் கொழும்புக்கும் நடுவே நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றும், விமானத்துக்கும் அதே ஐந்தரை மணி நேரம்தான் என்றும் அவள் கணவன் யேசுரட்ணம் போனில் தேடிக் கண்டுபிடித்தான். முதல் வாரம் லயத்தார் எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் மலையில் கொழுந்து கூடிவிட்டது, யாரும் வரவில்லை.

வீட்டு வேலைக்குப் போனவள் வாய் ஓயாமல் பேசவா முடியும்? ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அங்கே பகல் பதினொரு மணிக்குத் துணி தேய்த்தபடி ஐவி செபமாலையில் ஒவ்வொரு மன்றாட்டுக்கும் பதிலாக வரும் பின்பாதியைச் சொல்வாள். அது இங்கே சாயந்தரம் ஏழு மணிக்கு, குடும்ப செபத்துக்கு வந்து சேரும். முன்பாதியை மகள் ஜெனிதா சொல்வாள். நடுவே விடும் இடைவெளியை ஐவி குத்துமதிப்பாகத்தான் விட முடிந்தது. அதனால் அம்மாவுக்குப் பிந்திவிடக் கூடாதென்று ஜெனிதா மூச்சுவாங்க ஓட்டமாகச் சொல்லிப் பழகினாள்.

இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்தும் அந்த வீட்டார் ஐவியை அனுப்பவில்லை. போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஏஜென்சிக்காரன் பிடி கொடுக்கவே இல்லை. நான்கு மாதமாக அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு அந்த ஏழு மணிக் குரல்தான் சாட்சி. காய்ச்சலிலும் தவறாத அந்தக் குரல் ஒரு செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஜெனிதா முன்பாதியை ஐம்பது தடவையும் தனியாகச் சொல்லி முடித்தாள்.

விடிந்ததும் செய்தி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டது. தோட்டத்தில் சாவு என்றால் யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, மரணாதாரச் சங்கத்துக் கூடாரமும் நாற்காலிகளும் தானாக வந்துவிடும். சங்கத் தலைவர் நல்லமுத்து வாசலில் கம்பு நட்டார்.

"பொறுங்கண்ணே, இன்னைக்கு ஏழு மணி வரைக்கும் பாப்போம்," என்றான் யேசுரட்ணம்.

"பாப்போம் தம்பி. மழை வர்ற மாதிரி இருக்கு, கூடாரம் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஐவி வந்து இறங்கினாள். அந்த வீட்டு மேடம் முதல் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அவளை விமானம் ஏற்றிவிட்டிருந்தாள். கையில் போன் இல்லை, வீட்டுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. பதினொரு மணிக்கு ஆகாயத்தில் இருந்தபடி ஐவி செபமாலை சொல்லத்தான் செய்தாள். ஆனால் விமானமும் குரலும் ஒரே வேகம். அவளை முந்த முடியாத குரல் அவளோடேயே இறங்கி, அவளோடேயே பஸ்ஸும் ஏறிவிட்டது.

கூடாரத்தைப் பார்த்ததும் நின்று, "யாருங்கண்ணே தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"நீதாம்மா," என்றார் நல்லமுத்து. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு, தேத்தண்ணி ஊத்தச் சொல்றேன்."

கூடியவர்களைச் சும்மா அனுப்பக் கூடாதென்று அங்கேயே செபமாலை தொடங்கினார்கள். வேதக்காரர் அல்லாதவர்களும் எழுந்து போகவில்லை. ஜெனிதா வழக்கம்போல் ஓட்டமாகத் தொடங்கி, பாதியில் அழுகை முட்டிக்கொண்டு வர, நின்றுவிட்டாள். ஐவி பதிலைச் சொல்லவில்லை. மகள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.