ஒருத்திக்கு ஒதுக்கிய வீடு

யாராவது கதவைத் தட்டினால் தங்கை குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அக்கா வகுத்த திட்டம் அது. தையல் ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கிறவள், எதையும் பிசிறில்லாமல் செய்கிறவள் என்று பெயரெடுத்தவள், இதில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்.

அரசு வாடகைக் குடியிருப்பில் அந்த ஒற்றை அறையை அவள் ஒருத்தியின் பெயருக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். பெயர் பதியாத ஆள் தங்கினால் வீடு பறிபோகும். எதிர்வீட்டுக்காரர் மருமகனைத் தங்கவைத்தார் என்று போன மாதம்தான் அவரைக் கட்டிலும் பாத்திரமுமாகத் தெருவில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு நிம்மதியாக ஒரு வாய் இறங்கவில்லை. அதற்காக, வீட்டுக்காரன் வாடகையை இரட்டிப்பாக்கித் துரத்தியதும் ஒரு பையோடு வந்து நின்ற தங்கையின் முகத்தில் கதவைச் சாத்தவா முடியும்? கூடப் பிறந்தவளாயிற்றே. அதன்பின் கட்டுப்படியாகும் வீடு தேடி அலைந்து தங்கைக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அன்று ஆலைக்கு விடுமுறை. மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தங்கை பாய்ந்து போய்த் தாழிட்டுக்கொண்டாள். அக்கா கதவைத் திறந்தாள். கருவிப் பையோடு குழாய்க்காரர் நின்றிருந்தார்.

"குழாய் ஒழுகுதுன்னு சொல்லியிருந்தீங்களே, குளியலறை எங்கம்மா?"

தங்கை வருவதற்கு முன்பே சொன்ன புகார் அது. எங்கே வரப்போகிறார்கள் என்று அடியோடு மறந்திருந்தாள். சொன்ன வேலைக்கு இந்தக் குடியிருப்பில் ஆள் வந்து தொலைத்தது அந்த ஒரு முறைதான்.

"அது... இப்ப ஒழுகலைங்க. தானா நின்னுடுச்சு."

"தானா நிக்கிற குழாயை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லம்மா." சிரித்தபடி உள்ளே வந்து குளியலறைக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினார். சிரிப்பு போய்விட்டது.

"உள்ள யாரு?"

"யாருமில்லைங்க. தாழ்ப்பாள் சில நேரம் தானா விழுந்துடும்."

"குழாய் தானா நிக்குது, தாழ்ப்பாள் தானா விழுது. வெளிய வரச் சொல்லுங்கம்மா."

தங்கை வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அவர் உள்ளே போய் வேலையைப் பார்த்தார். ஸ்பேனர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டாள். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல எத்தனை பேர்னு பார்த்துட்டு வரச் சொல்லித்தான் குடியிருப்பு ஆபீசுல எங்களை அனுப்புறாங்க. நான் ஒருத்தர்னே சொல்லிடறேன். ஆனா எனக்கும் ஒரு உதவி வேணும். நானும் என் சம்சாரமும் வேலை வண்டியிலதான் படுக்கிறோம். அதோ, அந்த மூலை போதும்."

"இந்த ஒத்த ரூம்லயா? நாலு பேரா?"

"சாயங்காலம் ஆபீசுக்குப் போவேன். அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க."

கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் போனதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரி என்றால், நாலு பேரை எத்தனை நாள் மறைப்பது? முடியாது என்றால், இன்றைக்கே எல்லாம் வெட்டவெளிச்சம். எப்படிப் பார்த்தாலும் தெருதான்.

"நான் கெளம்பிடறேன்க்கா," என்றாள் தங்கை. "நான் இங்க இல்லைன்னா அவர் என்னத்தைச் சொல்லுவாரு?"

எங்கே போவாய் என்று அக்கா கேட்கத்தான் செய்தாள். ஆனால் அதற்கு முன்பே, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று அவள் முகம் தெளிந்துவிட்டது. அவளைக் கேட்காமலேயே தெளிந்துவிட்டது. பயம் அவ்வளவு பொல்லாதது.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"போகாதடி. நான் அவர்கிட்ட பேசறேன். போகாதடி!" அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லக்கா." தங்கை மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, கொடியில் கிடந்த தன் துணிகளை, ஈரம் காயாதவற்றையும் சேர்த்து, பையில் திணிக்கத் தொடங்கினாள்.