ஸ்டமாட்டியா சொன்ன 'நே'

கிரேக்கத்தின் தாசோஸ் தீவுக்கு வந்த படகுக் கட்டணத்தில் ருமியானா பதினெட்டு யூரோ ஐம்பது சென்ட் ஸ்வெதான்காவுக்குத் தரவேண்டியிருந்தது. பல்கேரியாவில் ஒரே தையல் ஆலையில் வேலை பார்க்கும் இருவரும் பத்து வருடமாகச் சேர்ந்தே விடுமுறைக்குப் போகிறவர்கள். இந்த முறை ருமியானா, அறை கொடுத்த கிரேக்கக்காரி ஸ்டமாட்டியாவோடு ஒட்டிக்கொண்டாள். ஸ்வெதான்காவுக்கு வயிறெரிந்தது.

கிளம்பும் நாளில் ருமியானா, புதிதாகக் கற்ற நாலு கிரேக்கச் சொல்லை வைத்து, "அடுத்த கோடைக்கும் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"நே, நே!" என்றாள் ஸ்டமாட்டியா.

பல்கேரிய மொழியில் அது 'வேண்டாம்'. ஸ்வெதான்காவுக்கு உள்ளம் குளிர்ந்தது. "பாத்தியா? மூஞ்சிக்கு நேரா வேணாங்கிறா உன் புது சிநேகிதி!"

"அடி மக்கே! இவங்க பாஷையில நேன்னா ஆமாடி."

ஸ்டமாட்டியா ருமியானாவைக் கட்டிக்கொண்டாள். ஸ்வெதான்காவின் முகம் சுண்டிப்போனது.

"அந்தப் படகுக் காசு வேணாம், நீயே வெச்சுக்க," என்றாள். "ஆனா அடுத்த வருஷம் என்னை விட்டுட்டு வந்தே, கொன்னுடுவேன்."