பச்சைப் பொட்டலம் இடம் மாறிய மதியம்

1

இது நான் பார்த்த கதை இல்லை, வரிசையில் நின்று கேட்ட கதை. எங்கள் ஊர் காங்ஷானில், ஸ்க்ரூ ஃபாக்டரி வாசலில் சாப்பாட்டு டப்பா விற்கிற வண்டிக்கு முன்னால் நிற்கும்போது மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். கறித்துண்டு பெரிதாக இருக்கிற டப்பாவாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதியை நான் தூக்க வேண்டியிருக்கிறது. தூக்குவது பழக்கம்தான், கோடவுனில் பெட்டி ஏற்றுகிறவன். எழுதுவதுதான் புதுசு. தலை நரைத்த பிறகு வந்த எழுத்து, தோள் வலித்தால் வாக்கியமும் சின்னதாகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

குளிரூட்டிய அறையில் கறுப்பு இயந்திரங்கள் தங்களுக்குள் ரகசியம் பேசிக்கொண்டு

ரகசியமாவது ஒன்றாவது. ஃபேன் சத்தம். விட்டுவிட்டேன்.

அடுத்து:

கோ ருய்-தாங்குக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை.

பொய். நன்றாகத்தான் இருந்தான். சோயாப் பால் குடித்துக்கொண்டே வண்டியை நிறுத்தினான், வாட்ச்மேனிடம் பேஸ்பால் தோல்வியைப் பற்றி வம்பு பேசினான். கெட்டது நடக்கப்போகிற நாளில் யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இப்படியெல்லாம் எழுதத் தோன்றுகிறது.

(ருய்-தாங்கை "அவர்" என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மேனேஜர் மாதிரி விலகிப் போனான். "அவன்" என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மரியாதைக் குறைவு இல்லை.)

2

ருய்-தாங் எங்கள் ஃபாக்டரியின் கம்ப்யூட்டர்க்காரன். சர்வர் ரூம் அவன் பொறுப்பு. ரூம் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு இரும்பு அலமாரி, அதில் வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள். ஒன்று சம்பளக் கணக்கு பார்க்கும், ஒன்று ஆர்டர் பார்க்கும், ஒன்று வெப்ப உலையைப் பார்க்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி.

இந்தப் பெட்டிகளுக்கு அவ்வப்போது அப்டேட் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக இன்டர்நெட்டுக்குப் போய் வாங்கினால் லைன் திணறிவிடும். அதனால் ஒரே ஒரு பெட்டி வெளியே போய் வாங்கி வந்து வைத்துக்கொள்ளும். மற்றவையெல்லாம் உள் ஒயர் வழியாக அதனிடம் வாங்கிக்கொள்ளும். ஒருத்தி சந்தைக்குப் போய் வந்து தெருவுக்கே காய்கறி பிரித்துக் கொடுக்கிற மாதிரி.

ஆனால் உலைப் பெட்டிக்கு மட்டும் அந்தக் காய்கறி ஆகாது. உலை பழசு, அதன் புரோகிராம் பழசு. புது அப்டேட் ஏறினால் புரோகிராம் திறக்காது. "இதுக்கு மட்டும் கொடுக்காதே" என்று திரையில் சொல்லி வைக்கலாம். ஒரு தடவை ருய்-தாங் சொல்லி வைத்தும் கொடுக்கப் பார்த்தது. அதிலிருந்து அவன் கையைத்தான் நம்புகிறான். அப்டேட் அனுப்புவதற்கு முன்னால் உலைப் பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுவான். உலைக்குப் போகிற ஒயர் வேறு, உலை அது பாட்டுக்கு ஓடும். எல்லோரும் வாங்கி முடித்ததும் கேபிளைத் திரும்பச் செருகுவான்.

எந்தப் பெட்டி உலைப் பெட்டி என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பொட்டலம் வருகிறது.*

* தேங்காய் ருசி போட்ட சோளப் பொரி, பச்சை உறை. அதன் பெயருக்கே "சமர்த்தா இரு" என்று அர்த்தம். எங்கள் ஊரில் இது இல்லாத சர்வர் ரூம் கிடையாது. பெட்டியின் தலையில் ஒன்று வைத்தால் பெட்டி அடம் பிடிக்காது. பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள், சிவப்பு உறையை யாரும் அந்தப் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள். பிரிக்கக் கூடாது. தேதி தாண்டக் கூடாது. நம்புகிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். எடுத்துவிடட்டுமா என்று கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பெட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டன. வருஷப் பிறப்புக்குப் புதுப் பொட்டலம் வைக்கும்போது ருய்-தாங் மார்க்கரால் பொட்டலத்தின் மேலேயே பெயர் எழுதிவிட்டான். "சம்பளம்." "உலை." ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று அவனே சொல்லிச் சிரித்தானாம்.

3

அப்டேட் அனுப்புவது மதியத் தூக்கத்தில். சாப்பிட்டதும் ஆபீசில் விளக்கை அணைத்துவிடுவார்கள், எல்லோரும் மேஜையில் தலை சாய்ப்பார்கள். அந்த நேரத்தில் பெட்டிகளை யாரும் தொல்லை பண்ண மாட்டார்கள்.

அன்றும் விளக்கு அணைந்தது. ருய்-தாங் சர்வர் ரூமுக்குள் போனான். "உலை" என்று எழுதிய பொட்டலம் இருந்த பெட்டியின் கேபிளைப் பிடுங்கினான். அனுப்பச் சொல்லிப் பட்டனைத் தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான்.

அவன் பிடுங்கியது சம்பளப் பெட்டியின் கேபிள். காலையில் பொட்டலங்கள் இடம் மாறியிருந்தன. உலைப் பெட்டி அப்டேட்டை ஆசையாக வாங்கிக்கொண்டு, ஒரு தடவை அணைந்து, திரும்ப எழுந்தது. புரோகிராம் திறக்கவில்லை. உலைக்குள் ஓடுகிற கம்பி வலைப் பட்டை அப்படியே நின்றது. மேலே இருந்த ஸ்க்ரூவெல்லாம் நெருப்பில் கிடந்து வெந்தது. அதிகமாக வெந்த ஸ்க்ரூ பார்க்க நன்றாக இருக்கும், முறுக்கினால் தலை கழன்று வரும். அத்தனையும் பழைய இரும்புக்குப் போயிற்று. (ஏற்றினவன் நான். ஆறின பிறகும் கனம் குறையவில்லை.)

நீங்கள் நினைப்பது தெரிகிறது. இந்த மாதிரிக் கதையில் கடைசியில் சொல்கிறவனே "நான்தான் மாற்றி வைத்தேன்" என்பான். இல்லை. அந்த அறைக்குள் நான் கால் வைத்ததே கிடையாது.

4

மாற்றி வைத்தது ஆ-தாவ் அக்கா. துடைக்கிறவள். எங்கள் ஃபாக்டரி ஆள் இல்லை, கான்ட்ராக்ட்காரன் அனுப்புகிற ஆள். அந்தக் கான்ட்ராக்ட்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு புகார் வந்தால் விசாரிக்க மாட்டான், ஆளை மாற்றிவிடுவான். மாற்றின ஆளுக்கு வேறு இடம் கொடுப்பான் என்று பேச்சு. கொடுத்து நான் பார்த்ததில்லை.

(அவளுக்கு நோயாளிப் புருஷன் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த ஆள் கல்லு மாதிரி இருக்கிறார், சீட்டாடுகிறார், தூண்டில் போடுகிறார். வேலை போனால் வலிப்பதற்கு வீட்டில் ஒரு நோயாளி இருக்க வேண்டுமா என்ன?)

உலையைச் சுற்றிக் கூட்டம் கலைந்த பிறகு ருய்-தாங் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்றான். எந்தப் பெட்டிக்கு எது ஏறியது என்று திரையில் பார்த்தாகிவிட்டது. எப்படி என்றுதான் புரியவில்லை. ஆ-தாவ் அக்கா வாளியோடு வந்தாள்.

"என்ன தம்பி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. சாப்பிடலையா?"

"உலை நின்னுபோச்சுக்கா."

"கேட்டேன், கேட்டேன். சமர்த்துப் பொட்டலமெல்லாம் நல்லாத்தானே உக்காந்திருந்துச்சு? காலைலதான் நனையற எடத்துல இருந்த ரெண்டையும் எறக்கித் துடைச்சு வெச்சேன். ஏசி தண்ணி சொட்டுச்சு பாரு, உள்ள எறங்கிட்டா நமத்துப் போயிடும்ல."

"எறக்கினீங்களா?"

"பின்ன, நனையட்டும்னு விடச் சொல்றியா? எம் புருஷன் தலையக்கூட நான் அப்படித் தொவட்டினதில்ல."

ருய்-தாங் அவள் முகத்தையே பார்த்தான். அவளுக்குத் தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை பொட்டலம் பொட்டலம்தான், எந்தத் தலையில் உட்கார்ந்தாலும் காக்கும். அதில் எழுதியிருப்பது பெட்டியின் பெயர் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை.

"சரிக்கா" என்றான்.

(மூன்று பேரில் ஒருத்தர், அவன் அங்கேயே அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான் என்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. சொல்லியிருந்தால் அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போயிருக்க மாட்டாள்.)

அவன் நினைத்துக்கொண்டது இதுதான்: பட்டனைத் தட்டுவதற்கு முன்னால், துண்டான பெட்டி எது என்று திரையில் பெயரைப் பார்த்திருக்கலாம். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. பொட்டலம் இருக்கிறதே என்று பல வருஷமாகப் பார்த்ததில்லை.

5

சாயங்காலம் மேனேஜர் பெங் எல்லோரையும் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கத்த மாட்டார். முதலில் நஷ்டத்தைப் பேசினார், பிறகு எந்தக் கஸ்டமருக்கு என்ன பதில் சொல்வது என்று பேசினார். அதற்குப் பிறகு பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு ருய்-தாங் பக்கம் திரும்பினார்.

வெளியூர் மேனேஜராக இருந்தால் "ஏன் சரிபார்க்கவில்லை" என்று கேட்டிருப்பார். பெங் எங்கள் ஊர்க்காரர். அவர் கேட்டது இது.

"பொட்டலம் தேதி தாண்டிடுச்சா?"

"இல்ல சார்."

"யாராவது பிரிச்சுட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப, யாராவது கை வெச்சாங்களா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் தலையை ஆட்டினார், சரியான கேள்வி என்பதுபோல.

வரிசையில் மூன்று பேரும் நிறுத்தின இடம் இது.

6

இனி நான் தூக்க வேண்டியது. மூன்று விதமாகத் தூக்கிப் பார்த்தேன்.

"ஆமா சார்." ஒரே சொல், அதுவும் உண்மை. வேறு ஊரில் பொரிப் பொட்டலத்தைக் காரணம் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள். இங்கே அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். திரையில் பெயரைப் பார்த்தாயா என்று கேட்க மாட்டார்கள். கான்ட்ராக்ட்காரனுக்கு ஒரு போன் போகும், மறுநாள் வேறொருத்தி வாளியோடு வருவாள். இந்த முடிவை எழுதும்போது தோள் வலிக்கவே இல்லை, கை தானாக ஓடியது. அதனால்தான் பயந்து நிறுத்தினேன்.

"தப்பு என்னோடது சார். பேரப் பாக்காம கேபிளப் பிடுங்கினேன்." படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெங்கை எனக்குத் தெரியும். "அது சரிப்பா, பொட்டலத்த யார் தொட்டது?" என்பார். ருய்-தாங் யோக்கியனாக ஆனதுதான் மிச்சம், கேள்வி நகராது. அவன் தன் மனசை நிமிர்த்திக்கொண்டு ஆ-தாவ் அக்காவை

(வாக்கியம் எங்கே போகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.)

"யாரும் தொடல சார்." மூன்றில் இது ஒன்றுதான் பொய். மூன்றில் இது ஒன்றில்தான் அவள் வேலை நிச்சயமாகத் தப்பும். ஆனால் நாளைக் காலை ஏசி மறுபடி சொட்டும். அவள் மறுபடி அன்போடு இறக்கித் துடைத்து வைப்பாள். பொய் சொன்னவன் அவளிடம் போய் எப்படி உண்மையைச் சொல்லுவான்?

நாலாவது முடிவு எனக்கு வரவில்லை. இன்றைக்கும் சர்வர் ரூமை யாரோ துடைக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெட்டி ஏற்றும்போது கண்ணில் படும். பெயரைச் சொன்னால் நீங்கள் அதையே முடிவு என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். ருய்-தாங் பெங்குக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு அப்படி எதுவும் தெரியாது.

அதனால் அவனை எழுப்பிவிட்டு உங்களை உட்கார வைக்கிறேன். பெங் கேட்டுவிட்டார், காத்திருக்கிறார். கதவு லேசாகத் திறந்துதான் இருக்கிறது. வெளியே நடைவழியில் வாளி நகர்கிற சத்தம், துணி பிழிகிற சத்தம். ஒரு சொல்லோ ஒரு வாக்கியமோ, உங்கள் இஷ்டம். என் காதில் விழ வேண்டியதில்லை. மேனேஜருக்குச் சொல்லும்போது அவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.