ஆறு புள்ளி இரண்டு ஆறு

கலையரசிக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மணலூர்பேட்டையில் பள்ளிக்கூடம் படித்தபோது கணக்குப் பரீட்சை என்றால் வகுப்பே அவள் பின்னால் வந்து உட்காரும். கச்சிராயபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகு, ஏழு வருஷமாகத் தினமும் காலையில் பஸ் பிடித்துக் கல்வராயன் மலை ஏறி, மேல்புளியங்காட்டு அங்கன்வாடியில் டீச்சர் வேலை பார்க்கிறாள். மாதத்தில் முதல் வாரம் எடை போடும் வாரம். இருபத்தெட்டுக் குழந்தைகளையும் தராசில் உட்கார வைத்து, வந்த எண்ணைப் போனில் இருக்கும் ஆப்பில் ஏற்ற வேண்டும். எடைக்கும் வயதுக்கும் பார்த்து ஆப்பே நிறம் காட்டும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் சத்து மாவு கூடுதலாக ஒரு பொட்டலம். சிவப்பு என்றால் மட்டும்தான் ஆஸ்பத்திரியில் தனி வார்டு, பதினாலு நாள் படுக்கை, கூட இருக்கும் அம்மாவுக்கும் சாப்பாடு, கூட்டிப்போக வண்டி.

பழைய தராசில் முள் காட்டியதை எழுதுவார்கள். இப்போது வந்திருக்கும் மிஷின் புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் காட்டும். ஆப்போ ஒரு எண்ணைத்தான் வாங்கும். இதில் ஒவ்வொரு சென்டரிலும் ஒவ்வொரு மாதிரி போட்டுவைக்க, ரெவ்யூ மீட்டிங்கில் சூப்பர்வைசர் அத்தியா மேடத்தை எழுப்பி நிற்க வைத்து விட்டார்கள். மறுநாளே வாட்ஸப் குரூப்பில் மேடம் ஒரு லிங்க் போட்டார். எண்ணை முழுமையாக்கித் தரும் கால்குலேட்டர். மிஷின் காட்டுவதை அதில் அடித்தால் ஒரு புள்ளிக்குச் சுருக்கித் தரும். 'எல்லாரும் இதில் வருவதையே போடவும். சொந்த யோசனை வேண்டாம்' என்று கீழே எழுதியிருந்தார்.

கலையரசிக்கு இதெல்லாம் மனசிலேயே வரும். இருந்தாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூன்று மாதமாக அதில்தான் அடித்தாள்.

அந்த ஆவணி மாதம் அருள்மொழி தன் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லித்திகாவுக்கு அன்றோடு ஒரு வயது. அருள்மொழிக்கே இருபத்திரண்டு தாண்டாது. புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போய் ஐந்து மாதம். மூத்தவள் சஞ்சனாவுக்கு நாலு வயது. அவள் இதே அங்கன்வாடியில்தான் இருக்கிறாள். மரவள்ளிக் காட்டுக் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்பதால், லித்திகாவைப் பகலில் பக்கத்து வீட்டில் விட்டுப் போவாள்.

கலையரசி குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. தராசில் உட்கார வைத்ததும் அது அழவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்தத் தராசைக் கண்டாலே ஊரைக் கூட்டும்.

ஆறு புள்ளி இரண்டு ஆறு.

மிஷினைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். கால்குலேட்டரில் அடித்தாள். 6.3 என்று வந்தது. ஆப்பில் 6.3 போட்டாள். மஞ்சள்.

கலையரசி அந்த மஞ்சளையே பார்த்தபடி இருந்தாள். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை எழுந்து போய்ப் பார்த்தாள். பெண் குழந்தை, பன்னிரண்டு மாதம். ஆறு புள்ளி மூன்றுக்குக் கீழே இருந்தால் சிவப்பு. லித்திகா கீழேதான் இருக்கிறாள். கால்குலேட்டர் அவளை நாற்பது கிராம் மேலே தூக்கி வைத்துவிட்டது.

கையளவு நாடாவைக் குழந்தையின் மேல்கையில் சுற்றிப் பார்த்தாள். பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அதிலும் சிவப்பு உண்டு. பதினொன்று புள்ளி ஆறு.

"இன்னா டீச்சர், ஜாஸ்தியா கீதா?" என்று அருள்மொழி ஆசையாகக் கேட்டாள்.

"இரு, பாக்கறேன்."

அந்தக் கால்குலேட்டர் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. தொட்டதும் மூன்று வரி விரிந்தது. பக்கத்து எண்ணுக்கு, மேல்நோக்கி, கீழ்நோக்கி. கலையரசி கீழ்நோக்கி என்பதை அழுத்தினாள். 6.2 வந்தது. இதுவும் அதே லிங்க்தானே, சொந்த யோசனை இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆப்பில் திருத்தினாள். சிவப்பு.

"அருளு, வண்டி வரும். துணிமணி எடுத்து வச்சிக்க" என்றாள்.

வண்டி வரவில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு மேடம்தான் போனில் வந்தார்.

"கலை, போட்டோவுல ஆறு ரெண்டு ஆறுன்னு தெரியுது. நீ ஆறு ரெண்டுன்னு போட்டுகீற. இன்னாம்மா இது?"

"மேடம், கட் ஆஃப் ஆறு மூணு. புள்ள அதுக்குக் கீழதானே மேடம் கீது? ஆறு ரெண்டு ஆறு, ஆறு மூணவிடக் கம்மிதானே?"

"கம்மிதாம்மா. எனக்குத் தெரியாதா? ஆனா ரெண்டு சென்டர்ல கூடுதல் பாக்கெட்டுக்காகக் கீழ எறக்கிப் போட்டு, இப்ப விசாரணை ஓடிக்கினு இருக்குது. ஒரு எண்ணு மாறினாலும் போட்டோவோட வச்சுப் பாக்கறாங்க. உன்ன மாட்டிவுட நான் விரும்பல."

"புள்ளைய வந்து ஒரு தபா பாருங்க மேடம்."

"அறுபத்திநாலு சென்டரும்மா எனக்கு. பாத்தாலும் நான் இன்னா போடறது? அதே ஆறு மூணுதான் போடணும். அடுத்த மாசம் எடையில எப்படியும் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் நல்லா ஊட்டச் சொல்லு."

சொல்லிக்கொண்டே மேடம் தன் பக்கமிருந்து திருத்திவிட்டார். கலையரசி ஆப்பைத் திறந்தபோது லித்திகா மறுபடி மஞ்சளில் இருந்தாள். மேடம் மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆப் இல்லாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி ஊரில் இல்லையா என்று திங்கட்கிழமை லீவு போட்டாள். அருள்மொழியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெள்ளிமலை நிறுத்தம் வரை நடந்து பஸ் ஏறினாள். மலைப்பாதை வளைவுகளில் லித்திகா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அடிவாரத்துக்கு வந்ததும் முனகலாக அழ ஆரம்பித்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள் அருள்மொழி. பஸ் மாறும் இடத்தில் டீக்கடையில் பன் வாங்கிப் பாலில் நனைத்து ஊட்டினாள். நாலு நாளாக எதையும் வாங்காத பிள்ளை, அன்றைக்கு ஆச்சரியமாக வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டது. கலையரசிக்கும் அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போதும் என்று சொல்ல எந்தக் கைக்கு மனசு வரும்?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நல்ல பொம்பளை. கூட்டத்திலும் முகம் சுளிக்காமல் துணியெல்லாம் கழற்றிவிட்டு எடை போட்டாள்.

"ஆறு புள்ளி மூணு எட்டு" என்றாள்.

"சிஸ்டர், இப்பத்தான் சாப்டுச்சு சிஸ்டர். அதான் ஏறிப்போச்சு. காலையில வெறும் வயித்துல..."

"புரியுதுங்க. நான் இன்னா பண்றது? சிவப்பு லிஸ்ட்லயும் பேர் இல்ல, எடையும் கம்மி இல்ல. வார்டுல பத்துப் படுக்கை. பத்தும் ஃபுல்லு. அஞ்சே கால் கிலோவுல ஒரு புள்ள வராண்டாவுல வெயிட் பண்ணிக்கினு கீது, பாருங்க."

கலையரசி திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் ஒருத்தி மடியில் ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூட்டைக்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. கலையரசி லித்திகாவின் சட்டையை எடுத்து மாட்டினாள்.

டாக்டர் ஒரு சிரப்பும் பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அருள்மொழி ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"நான் பன்னு குடுத்ததுதான் தப்பா டீச்சர்?"

"அப்படிலாம் இல்ல. புள்ள பசிக்குதுன்னா குடுக்காம?"

"இல்ல, வார்டுல சேக்கற வரைக்கும் கம்முனு இருந்திருக்கலாம்."

கலையரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பத்து நாளும் தன்னால் ஆனதைச் செய்தாள். மதியம் சமையல் உதவியாளர் ராணியம்மாளிடம் சொல்லி முட்டையை மசித்து, தானே அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய் ஊட்டிவிட்டு வந்தாள். ஒரு நாள் நாலு வாய் வாங்கும், மறுநாள் தலையைத் திருப்பிக்கொள்ளும். பதினோராம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் நின்று போனது. கலையரசி கச்சிராயபாளையத்திலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். மேலே டவர் இல்லை.

நாலாம் நாள், வழி திறந்ததும் முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போனால், அங்கன்வாடி வாசலிலேயே அருள்மொழி நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்திருந்தது. குழந்தையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தாள்.

"ரெண்டு நாளா வயித்தால போவுது டீச்சர். கண்ணே தொறக்க மாட்டேங்குது."

எடை போடும் வாரம் இல்லைதான். கலையரசி மிஷினை எடுத்து வைத்தாள். ஐந்து புள்ளி எட்டு மூன்று. ராணியம்மாளிடம் உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கச் சொல்லிவிட்டு, கால்குலேட்டரைத் திறக்காமலேயே ஐந்து புள்ளி எட்டு என்று ஆப்பில் போட்டாள். எந்தப் பக்கம் சுருக்கினாலும் இனிமேல் ஒன்றுதான்.

சிவப்பு விழுந்த ஏழாவது நிமிஷம் மேடம் கூப்பிட்டார். பதினைந்தாவது நிமிஷம் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆம்புலன்ஸ் சேற்றில் வழுக்கிக்கொண்டே வந்து நின்றது. எல்லாம் அவ்வளவு சுருக்காக நடந்தது. இதற்காகத்தான் அவள் தவம் கிடந்தாள். ஆனால் வண்டிக் கதவு சாத்தியபோது நன்றி சொல்லத் தோன்றவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். ராணியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாயங்காலம் மேடம் மறுபடி போன் செய்தார். "ட்ரிப்ஸ் ஏத்திகீறாங்க. கண்ணு முழிச்சிடுச்சாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "கலை, அன்னிக்கி நான் திருத்தாம வுட்டிருக்கலாம்" என்றார்.

"வுட்டிருந்தா வேற யாராவது திருத்தியிருப்பாங்க மேடம்" என்றாள் கலையரசி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அதுதான் உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

லித்திகா பிழைத்துக்கொண்டாள். ஒன்பது நாளில் ஆறு கிலோவைத் தொட்டாள். அந்த ஒன்பதாம் நாள், பக்கத்து வீட்டில் விட்டிருந்த சஞ்சனாவுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, தன்னால் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்று போனில் சொல்லிவிட்டாள். கலையரசி, சஞ்சனாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், இன்னும் ஐந்தே நாள்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று அருள்மொழியிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"அது நான் இல்லாம தூங்காது டீச்சர். ரெண்டு புள்ளைல எந்தப் புள்ளைய நான் வுடறது?"

மறுநாள் மதியம் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து அருள்மொழி குழந்தையோடு இறங்கினாள். ஆஸ்பத்திரியில் பாதியில் போவதாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருந்தார்கள். கலையரசி சஞ்சனாவுக்கான காய்ச்சல் மாத்திரையோடு அவளுக்காக நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

"கோவமா டீச்சர்?"

"இல்லம்மா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள் கலையரசி. மேல்புளியங்காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது லித்திகா அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியில் வலு இருக்கிறதா இல்லையா என்று கலையரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன அருள்மொழி, மூத்தவளை நினைத்து ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.