கேசட்டின் இரண்டாம் பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில், பிஸ்கட்டவே ஊர் வீட்டின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர். ஜன்னலோரம் கமருன்னிசா. அவருக்கு வலப்பக்கம் மகன் ஜுஹைர், முன்னால் பழைய கேசட் பிளேயரோடு. அடுக்களை வாசலை ஒட்டி, எழுந்து போக வசதியாக, மருமகள் ஆஸிபா. எதிரே, ஹாட்பேக்கில் சாய்த்து வைத்த லேப்டாப்புக்குள், பிரான்சிலிருந்து மார்கோ.

மார்கோ ஐரோப்பாவின் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடிச் சேர்த்து ஆராய்கிறவள். எண்பத்து மூன்றில் அங்கே ஒரு சின்ன நிலையம் வாரந்தோறும் ஒரு சமையல் நிகழ்ச்சியை நேரலையாகக் காட்டியது. பதிவு நாடாக்களை அந்த நிலையமே அழித்து, மேலே வேறு எதையோ பதிந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை என்று அவள் இணையத்தில் வருத்தப்பட்டிருந்தாள். 'எங்கள் வீட்டில் ஒலி இருக்கிறது' என்று அதற்குப் பதில் போட்டவன் ஜுஹைர்.

அவன் வாப்பா அப்துல் ரஹீம் காரைக்காலிலிருந்து போய் அந்த நிலையம் இருந்த ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புதிதாக வந்து சேர்ந்த மனைவிக்குப் பிரெஞ்சு பழக்கிவிட, டிவி முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துப் பதிந்தார். சமையற்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் எல்லாம் இவர் தமிழில் அர்த்தம் சொல்லிக்கொண்டே போவார். அவர் மௌத்தாகி ஆறு வருடமாகிறது.

"அந்தத் தமிழ்க் குரலும் இருக்கட்டும், மேடம்," என்றாள் மார்கோ பிரெஞ்சில். "வீட்டில் மக்கள் எப்படி டிவி பார்த்தார்கள் என்பதும் வரலாறுதான்."

கமருன்னிசா மகன் பக்கம் திரும்பினார். "அந்தக் கொரலை மட்டும் ரிமூவ் பண்ணச் சொல்லு."

"ஏம்மா? வாப்பா வாய்ஸ்!"

"அவங்க சொன்னதுல பாதி தப்பு. சமையக்காரன் அஸ்பாரகஸ்ங்கிற காயைக் காட்டுறான், இவங்க வெள்ளை முருங்கைக்காங்குறாங்க. எவ்வளவு தைரியமா! நாளைக்கு யுனிவர்சிட்டில ஒக்காந்து கேட்டுட்டு கெக்கெக்கேன்னு சிரிப்பானுவ. அவங்களால எந்திரிச்சு வந்து பதில் சொல்ல முடியுமா?"

"மாமி, நீங்களே காஸ்ட்கோ கடைல இன்னும் 'அந்த முருங்கைக்காயை எடு'ன்னுதானே சொல்றீங்க," என்றாள் ஆஸிபா.

"அது பழக்கம்டி. நீ சும்மா இரு."

"சரி, செகண்ட் சைடு கேட்டிருக்கீங்களாம்மா?"

"எங்கே? நீ வயித்துல இருந்தே. அதுக்குள்ள தூங்கிப்போயிருப்பேன்."

ஜுஹைர் கேசட்டைத் திருப்பிப் போட்டான். அடுத்த வாரத்து நிகழ்ச்சி. வெண்ணெய் பொரிகிற சத்தம், பிரெஞ்சுப் பேச்சு. நடுவே, யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று தணித்த ஒரு குரல்:

"கமரு... தூங்கிட்டியா? சரி தூங்கு. போன வாரம் முருங்கைக்கான்னேன்ல, அது இல்லயாம். ஃபேக்டரில கேட்டேன், சிரிச்சுட்டானுவ. அது வேற காயி, நம்மூர்ல இல்ல. இதுலயே சொல்லி வைக்கிறேன், நாளைக்குப் போட்டுக் கேட்டுக்க. தப்பாப் படிச்சிராத."

கேசட்டில் சமையற்காரர் மறுபடி எதையோ கிண்டிக்கொண்டிருந்தார்.

"நான் போட்டுக் கேக்கவே இல்லியே," என்றார் கமருன்னிசா. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

அந்தத் தமிழ்க் குரல் என்ன சொல்கிறது என்று மார்கோ கேட்டாள். கமருன்னிசா ஒரு வார்த்தை விடாமல் பிரெஞ்சில் சொன்னார். அங்கே அவளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஜுஹைர் இரண்டு பக்கத்தையும் போனில் பதிந்து வைத்துக்கொண்டான். அசல் மார்கோவிடமே போகட்டும் என்று உம்மாவே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவர் கடிதம் எழுதினார், எண் போட்டு. ஒன்று, தமிழில் பேசுகிறவர் என் கணவர், அப்துல் ரஹீம். இரண்டு, அவர் குரலில் எதையும் நீக்க வேண்டாம், தவறுகள் உட்பட. மூன்று என்று போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் இரண்டாம் பக்கத்தையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

கடிதத்தை மடித்துக் கேசட்டோடு பஞ்சு வைத்த தபால் உறைக்குள் வைத்து, ஓரத்தை விரலால் இரண்டு முறை அழுத்தி ஒட்டினார். ஆஸிபா டிரைவ் பண்ண, போஸ்ட் ஆபீஸ் கவுன்டரில் அவரே தன் கையால் கொடுத்தார்.