பதினோரு விநாடி

"இன்னொரு தடவை வாசிங்க."

பஸ் ஓட்டுநரான கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைபேசியில் வந்திருந்ததை மூன்றாம் முறையாக வாசித்தார்.

"நானூத்திப் பன்னெண்டு ஆபரேஷன். ஆக்சிஜன் இறங்கினதைக் கவனிக்க முன்னாடி எழுபது செகண்டு ஆச்சாம். இப்ப பதினொண்ணு."

எலும்பும் தோலுமாய்க் கட்டிலில் கிடந்த மனைவி கைதட்டப் பார்த்தாள். கை எழவில்லை. அவரே அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

மயக்க மருந்து மருத்துவர் அவள். மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு குறையும்போது, அறையில் ஐந்து பேர் இருந்தும் ஏன் எவர் கண்ணிலும் படுவதில்லை? ஆறு வருடமாக இந்த ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினாள். அஜாக்கிரதை என்று சொல்லி மேலிடம் கைகழுவியது. அவளோ அறுவை அரங்கின் மூலையில் கால் கடுக்க நின்று பார்த்தாள். மருந்து எடுக்கத் திரும்பினால் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரைக்கு முதுகு காட்டவேண்டிய இடத்தில் மேஜை. ஒன்றுமில்லாததற்கும் ஓயாமல் கத்துவதால் எல்லோரும் அணைத்துவிடும் எச்சரிக்கை மணி. பெரிய டாக்டரிடம் வாய் திறக்கத் தயங்கும் நர்ஸ். மூன்றும் கைகோத்தால்தான் விபரீதம். மூன்றையும் சேர்த்தே மாற்றவைத்தாள்.

"ஒருத்தரையும் வேலையை விட்டுத் தூக்கல, பாத்தீங்களா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதே ஆளுங்கதான்!"

"கத்தாதடி, நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டுவாங்க."

"வரட்டும். அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க."

நர்ஸ் வந்தாள். வாசித்தார்.

"அட! எங்க வார்டையும் கொஞ்சம் பாருங்களேன் டாக்டர்," என்று சிரித்தாள் நர்ஸ்.

கேட்டதுதான் தாமதம், மனைவி கேள்விகளை அடுக்க ஆரம்பித்தாள். இங்கே மணி அடித்தால் முதலில் யார் வருவார்கள்? அவர் சாப்பிடப் போயிருந்தால்? நாலாவது கேள்வி பாதியில் நின்றது. அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்; துடிப்பில்லை. கடைசி நேரத்தில் மூச்சுக்குக் குழாய் எதுவும் செருக வேண்டாமென்று மனைவியே முன்பு எழுதிக் கொடுத்திருந்தாள். நர்ஸ் அவர் தோளைத் தொட்டாள்.

வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அழைத்தது. மனைவியின் ஆராய்ச்சியில் கூட வேலை பார்க்கும் இளம் பெண் மருத்துவர்.

"அண்ணே! இன்னும் மூணு ஆஸ்பத்திரியில கேக்கறாங்க! அடுத்த மாசமே ஆரம்பிக்கணுமாம்!"



"மூணா?"

"மூணுண்ணே! அக்காகிட்ட உடனே சொல்லுங்க!"

"இரும்மா, சொல்லிட்டு வரேன்."

இணைப்பைத் துண்டிக்காமலே கைபேசியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, எழுந்துபோய் அறைக்கதவைத் திறந்தார்.