பேர் வெட்டிய தட்டு

தாராவியில் எங்கள் கோலியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோலி என்று பேர் சொன்னாலும் ஒற்றை அறைதான்; அதில் ஒரே ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் கிடந்தோம். வேலை உள்ளவர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வேலை இல்லாதவன் ஒருவனுக்கு மட்டும் சோறும் படுக்க இடமும் ஓசி. அவனுக்கு வேலை கிடைத்துவிட்டால் அந்த இடம் ஊரிலிருந்து வந்து காத்திருக்கும் அடுத்தவனுக்கு. நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சுவார்கள். அதில் தின்றவனைக் கேட்க வேண்டும். என்னைக் கேளுங்கள்.

நான் வேலை பார்த்த மில்லை மூடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஏறி இறங்காத வாசல் இல்லை. அறுபத்தேழாம் வருஷம் அது; பாதி இடங்களில் 'மதராசியா?' என்று கேட்டதோடு சரி. மில்லில் முதல் சம்பளம் வாங்கியபோது எடுத்த எவர்சில்வர் தட்டு ஒன்றுதான் மிச்சம். நடுவில் 'வெயிலுமுத்து' என்று பேர் வெட்டியிருக்கும். அந்தத் தட்டில் அடுத்தவன் காசில் தின்பதற்குக் கூசும்.

அப்போதுதான் செம்பூரில் லேத் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சா என்னைக் கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து வா. வேல பழகு. பகார் கெடையாது, டீ உண்டு. கை படிஞ்ச பொறவு பாப்போம்."

"எத்தன நாளைக்கு பாய்?"

"அது ஒங் கையிலதான் இருக்கு."

முப்பது வயசில், பகார் என்கிற சம்பளம் இல்லாமல், பொடியன்கள் பழகுகிற வேலை. ஆனாலும் மிஷின் ஓடும் சத்தம் காதில் விழுந்ததும் போக மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கோலிக்குப் பெரியவர் பூதத்தான் அண்ணாச்சி. தோல் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"பகார் இல்லாம வேலைக்குப் போவியால?" என்றார். "நீ சும்மா செஞ்சன்னா, நாளைக்கு எங்க மொதலாளியும் அதத்தான கேப்பான்?"

"பழகத்தான் போறேன் அண்ணாச்சி."

"வேலைக்குப் போறவனுக்கு ஓசிச் சோறு கெடையாது. போவலன்னா இங்கன இருந்து தின்னு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருப்பேன். வாசலில் பூலோகம் உட்கார்ந்திருந்தான். ஊரிலிருந்து வந்து என் இடத்துக்காகக் காத்திருப்பவன். மாட்டுங்கா ஸ்டேஷனில் படுத்துக்கொண்டு, சாப்பாட்டு வேளைக்கு மட்டும் இங்கே வந்து உட்காருவான். மிஞ்சினால் கொடுப்பார்கள். பெரும்பாலும் மிஞ்சாது.

"போவல அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் போனேன். வேலை தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே செம்பூர். திருட்டுத்தனமாகச் சூதாடப் போவார்கள், குடிக்கப் போவார்கள்; நான் வேலைக்குப் போனேன். பித்தளை சுருள் சுருளாக உதிர்வதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "கை படியுதே" என்று பாய் சொன்ன அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. பகாரைப் பற்றி அவர் பேசவில்லை. எனக்கும் கேட்கப் பயம்.

சாயந்தரம் மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்த பிறகுதான் திரும்புவேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மட்டும் போகவில்லை.

அதைப் பூதத்தான் பார்த்துவிட்டார். என் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது. விரலைப் பார்த்தார், பிறகு முகத்தை.

"ஒன் வாயாலயே சொல்லுல. ஒனக்கு வேல இருக்கா, இல்லயா?"

இல்லை என்றால் சோறு உண்டு. ஆனால் செம்பூரை விட்டுவிட வேண்டும்; நாளையிலிருந்து மறுபடி அந்த வாசல்கள், அந்த 'மதராசியா?'. மற்ற ஏழு பேரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

"இருக்கு அண்ணாச்சி."

ஒன்றரை வருஷமாகச் சொல்ல ஆசைப்பட்ட வார்த்தை. யாரும் சிரிக்கவில்லை, கைகொடுக்கவில்லை. பூதத்தான் அகப்பையைக் கீழே வைத்தார். நான் கை வைக்காத தட்டை வாசலில் இருந்த பூலோகத்திடம் நகர்த்தினேன்.

அவன் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அள்ளி அள்ளித் தின்றான். சோறு குறையக் குறைய என் பேர் தெரிந்தது. அதன் மேலிருந்ததையும் வழித்தான்.

"ஸ்டேஷன்ல எந்தப் பக்கம்டே படுப்ப?" என்று கேட்டேன்.

"பாலத்துக்குக் கீழ" என்றான், வாயில் சோற்றோடு. "போலீஸ் வந்தா மட்டும் எந்திச்சு நடந்துரு."